கல்லூரி நூலகத்தில் தரவு வகுப்பு: 12 மணி நேரத்தில் எதை வைப்பது, எதை விடுவது?

அடுக்கெண்

காரைக்குடிப் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் நூலகத்துக்காகக் கேட்கிறேன். இரண்டாம் ஆண்டு இளங்கலை மாணவர்கள் 40 பேருக்குத் தரவு எழுத்தறிவுப் பயிற்சி. ஆறு அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். தமிழ், வரலாறு, வணிகவியல், விலங்கியல் என்று எல்லாத் துறையும் கலந்த கூட்டம். ஓடுகிற கணினி 22. எக்செல் 2013 இருக்கிறது. புதிதாக எதையும் நிறுவ ஆய்வகப் பொறுப்பாளரின் கடவுச்சொல் வேண்டும்.

வரைவுப் பாடத்திட்டம் இது: எக்செல் சூத்திரங்கள், விளக்கப்படங்கள், எஸ்பிஎஸ்எஸ் (புள்ளியியல் மென்பொருள்) அறிமுகம், பைத்தான் (நிரல்மொழி) அறிமுகம். "இதில் நூலகத்துக்கு என்ன வேலை, கணினித் துறையே நடத்தலாமே" என்று கேட்கிறார்கள். எதில் தொடங்குவது, எந்தத் தரவைக் கையில் கொடுப்பது, தமிழ்த் தரவை என்ன செய்வது, கடைசியில் எப்படி மதிப்பிடுவது?

தேவகோட்டை ரஸ்தா

இந்தப் பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டால் அவர்கள் கேட்பது சரிதான். கம்ப்யூட்டர் சென்டர் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ், பைத்தான் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தால் இரண்டும் நிற்காது.

நூலகர் கையில் வேறு சரக்கு இருக்கிறது. ஒரு நூலைப் பட்டியலிடும்போது யார் எழுதியது, எந்தப் பதிப்பு, எங்கிருந்து வந்த விவரம், இதே ஆளுக்கு வேறு பெயர் உண்டா என்று பார்க்கிறோம். ஒரு அட்டவணையிடமும் கேட்க வேண்டியவை இவைதான். அமெரிக்கக் கல்லூரி நூலகச் சங்கம் 2016இல் ஏற்ற தகவல் எழுத்தறிவுச் சட்டகம் இந்த வழியில்தான் போகிறது. பர்டூ, கார்னெல், மினசோட்டா, ஒரிகன் பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து நடத்திய தரவுத் தகவல் எழுத்தறிவுத் திட்டமும் மேலாண்மை, ஆவணப்படுத்தல், மேற்கோள், நெறி என்று நூலகர் வேலையைச் சுற்றியே திறன்களை வகுத்தது.

முதல் அமர்வில் கணினியே வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சிவகங்கை மாவட்டப் பக்கம் ஒன்றை ஏ3 தாளில் அச்சடித்து, நாலு பேருக்கு ஒன்றாகக் கொடுங்கள். எழுதவேண்டிய கேள்விகள் ஐந்தே ஐந்து: ஒரு வரிசை எதைக் குறிக்கிறது? யார் எண்ணினார்கள்? எந்தத் தேதிக்கான கணக்கு? சதவீதம் என்றால் எதில்? காலியாக உள்ள கட்டம் சுழியா, தெரியாததா? கடைசிக் கேள்வியில்தான் அதிகம் பேர் தடுமாறுவார்கள். அதற்கென்று நேரம் ஒதுக்குங்கள்.

முந்திரிக்கணக்கு

புள்ளியியல் பக்கத்திலிருந்து ஒரு ஆட்சேபம். மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் கணக்கே இல்லாமல் தரவு வகுப்பு நடத்தினால் அது சொற்பொழிவாகிவிடும். குறைந்தபட்சம் வீதம், பகுதி எண் (எதால் வகுக்கிறோம் என்பது), இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்), மாதிரிப் பிழை (சிலரை மட்டும் கேட்பதால் வரும் பிசகு) இந்த நான்கும் வேண்டும். திட்டவிலக்கத்தை விட்டுவிடலாம், குடி மூழ்காது.

பகுதி எண்ணுக்கு எழுத்தறிவு வீதத்தை விட நல்ல உதாரணம் கிடையாது. 1,000 பேர் உள்ள ஊர், அதில் 7 வயது நிரம்பாதவர் 100 பேர், எழுதப் படிக்கத் தெரிந்தவர் 720 பேர் என்று வையுங்கள். மொத்த மக்களால் வகுத்தால் 72%. 7 வயதும் அதற்கு மேலும் உள்ள 900 பேரால் வகுத்தால் 80%. கணக்கெடுப்புத் துறை அறிவிப்பது இரண்டாவது. இணையத்தில் சுற்றுகிற மாவட்டப் பக்கங்களில் முதல் வகையும் கலந்து கிடக்கிறது. ஒரே மாவட்டத்துக்கு ஏழெட்டு சதவீதம் வித்தியாசப்படும் இரண்டு எண்களை மாணவர் பார்த்தால் "ஒன்று பொய்" என்பார். இரண்டுமே சரியாக இருக்கலாம், வகுத்தது வேறு என்று அவரே கண்டுபிடிக்க வேண்டும். இன்னொரு பொறி: 1981 வரை இந்த வயது வரம்பு 5, 1991இலிருந்து 7. ஐம்பது ஆண்டுக் கோட்டுப்படம் வரைகிறவர் இதைக் குறிப்பில் சொல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது.

பாலின விகிதத்தைக் கையால் போடச் சொல்லுங்கள். சிவகங்கை மாவட்டம், 2011: ஆண்கள் 6,68,672, பெண்கள் 6,70,429. 1,000 ஆண்களுக்கு 1,003 பெண்கள். பல வெளிநாட்டு அட்டவணைகளில் 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று தலைகீழாக இருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் போட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

மாதிரிப் பிழைக்குத் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), மாவட்டத் தகவல் தாள். அதில் சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்டவை அவை. 25க்கும் குறைவென்றால் எண்ணே இருக்காது, உடுக்குறி மட்டும். மாணவர்கள் தட்டச்சு செய்யும்போது அடைப்புக்குறியைத் தூக்கிவிடுவார்கள். எக்செல்லோ அடைப்புக்குறிக்குள் உள்ள எண்ணைக் கழித்தல் குறி போட்டு எதிர்மறை எண்ணாக்கிவிடும். இரண்டையும் கண்ணால் பார்க்கட்டும்.

வளவு

வரலாற்றுத் துறையிலிருந்து. எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "செட்டிநாடு" என்ற வட்டாரத்துக்குக் கணக்கெடுப்பு அட்டவணையில் தனி வரிசை கிடையாது. ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் பரவிக் கிடக்கின்றன. எத்தனை ஊர் என்பதற்கே 96 என்று பழைய கணக்கு. இப்போது எழுபத்துச் சொச்சம் என்பார்கள், அதிலும் ஆளுக்கொரு எண். யார் எதை ஊர் என்று எண்ணினார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே "செட்டிநாட்டு மக்கள்தொகை" என்று ஒரு மாணவர் எண் கொடுத்தால், எந்த ஊர்களைக் கூட்டினார் என்ற பட்டியலும் கூடவே வர வேண்டும்.

அடுத்தது எல்லை. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், பிறகு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், 1974இல் தனி மாவட்டம். சிவகங்கை 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்துக்குள். அதன்பின் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் என்ற பெயரில் கொஞ்ச காலம், 1997இல்தான் சிவகங்கை மாவட்டம். காரைக்குடியின் 1981 எண்ணைத் தேடுகிறவர் "சிவகங்கை" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ராமநாதபுரம் தொகுதியைத்தான் எடுக்க வேண்டும். 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது அக்கம்பக்கத்து ஊர்களும் உள்ளே வந்தன. 2011இன் 1,06,714 என்ற நகராட்சி எண்ணோடு இனி வரப்போகிற எண்ணை ஒப்பிட்டு "மக்கள்தொகை எகிறியது" என்று ஒருவர் எழுதத்தான் போகிறார். எகிறியதில் பாதி எல்லைக்கோடாக இருக்கலாம்.

பகுதி எண்ணுக்கு எங்கள் பக்கத்து உதாரணம் பர்மா. "பர்மாவில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது" என்று மேடைக்கு மேடை கேட்கலாம். ஆவணத்தில் உள்ளது: நெல் விளையும் முக்கியமான 13 மாவட்டங்களில், சாகுபடிக்கு உட்பட்ட நிலத்தில், 1930இல் 6%, 1938இல் 25%. மொத்த பர்மாவில் கால்வாசி அல்ல. இந்த ஏற்றத்தைக் கோட்டுப்படமாக மட்டும் பார்த்தால் நிலம் வாங்கிக் குவித்தது போலத் தெரியும். நெல் விலை விழுந்த பெருமந்தத்தில் கடன் திரும்பாமல் அடமான நிலம் வந்து சேர்ந்ததுதான் நடந்தது. படம் வரைந்தவர் காரணத்தை இரண்டு வரியில் எழுதாமல் தப்பக்கூடாது.

பைட் பாண்டி

வளவு ஆச்சி சொன்னது அருமை. ஆனா ரஸ்தா அண்ணே, பைத்தானை இப்படி ஒரே வெட்டா வெட்டுனா எப்படி? :) சரி, 12 மணி நேரத்துல முடியாதுன்னு ஒத்துக்கறேன். அதுக்குப் பதிலா எழுத்துக்குறியீட்டுக்கு (எழுத்தைக் கணினி எந்த எண்ணாச் சேமிக்குதுங்கறது) ஒரு முழு அமர்வு கொடுங்க. தமிழ்த் தரவுல பாதிக் கோளாறு அங்கதான்.

மூணு வகைக் கோளாறு வரும். ஒண்ணு, பழைய அரசு பிடிஎஃப். வானவில், பாமினி மாதிரி எழுத்துருவுல அடிச்சது. திரையில தமிழாத் தெரியும். நகலெடுத்து ஒட்டுனா ஆங்கில எழுத்துக் குப்பையா வரும். அந்த எழுத்துருவோட பேரைக் கண்டுபிடிச்சு (பிடிஎஃப்ல ஆவணப் பண்புகள், எழுத்துருக்கள்) அதுக்கான மாற்றிதான் போடணும். வேற மாற்றி போட்டா பாதி சரியா பாதி தப்பா வரும், அது முழுத் தப்பை விட ஆபத்து.

ரெண்டு, ஒருங்குறியிலதான் இருக்கு, ஆனா சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளி போட்டுப் பிரிச்ச வெறும் உரை அட்டவணை) இரட்டைச் சொடுக்கு போட்டு எக்செல்ல திறந்துட்டாங்க. மேலே கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள்ள 'ஆர்'உம் வரிசையா நின்னா இதுதான். ஒருங்குறியைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூணு பைட். எக்செல் அதை மூணு தனி எழுத்தாப் படிக்குது. மருந்து: டேட்டா தாவல், உரையிலிருந்து இறக்குமதி, கோப்பு மூலம் 65001 (யூடிஎஃப்-8). லிப்ரே ஆபீஸ் கால்க்கா இருந்தா திறக்கும்போதே கேட்கும், அதனால வகுப்புக்கு அதுதான் நல்லது.

மூணாவது கண்ணுக்கே தெரியாது. 'கொ'வுல ககரத்தோட சேர்ற உயிர்க்குறி ஒரே குறியாவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால்னு ரெண்டு குறியாவும் இருக்கலாம். ஸ்ரீ-யும் ரெண்டு விதம். 'ஔ'வுக்குப் பதிலா 'ஒ'வும் 'ள'வும் சேர்த்து அடிச்சது இன்னொரு விதம். திரையில ஒண்ணு, கணினிக்கு வேற வேற. தேடுனா கிடைக்காது, எண்ணுனா ரெண்டு வரிசை.

எக்செல் தானா செய்யற வேலையையும் காட்டுங்க. முன்சுழி போயிடும்: சேர்க்கை எண் 00457 வெறும் 457 ஆகும். 13 இலக்க நூல் எண் அடுக்குக்குறி வடிவத்துல சுருங்கும். 3-4ன்னு அடிச்சா தேதி ஆகிடும். இதனாலயே மனித மரபணுப் பெயர்க் குழு 2020ல சில மரபணுக்களோட பேரையே மாத்திடுச்சு. 'மார்ச்1'ன்னு இருந்தது மாசமா மாறிக்கிட்டே இருந்துச்சு. அதே வருஷம் அக்டோபர்ல இங்கிலாந்துல 15,841 கோவிட் தொற்று விவரம் விட்டுப்போச்சு. பழைய எக்செல் வடிவத்துல ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான், மிச்சம் சத்தமில்லாம வெட்டுப்பட்டுச்சு. இந்த ரெண்டையும் சொன்னா வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

தேவகோட்டை ரஸ்தா

தம்பி பாண்டி சொன்ன மூன்றாவது வகையில்தான் நூலகர் உள்ளே வருகிறார். பெயர் ஒழுங்குபடுத்தலுக்கு ஓபன்ரிஃபைன் என்ற தரவுத் துப்புரவு மென்பொருளை எடுங்கள். விலையில்லாதது, தரவு கணினியை விட்டு வெளியே போகாது, செய்த ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றில் பதிவாகும், பின்வாங்கலாம்.

ஆனால் தமிழுக்கு அதன் இயல்பு அமைப்பு பொருந்தாது. ஒலிப்பு அடிப்படையிலான முறைகள் ஐரோப்பிய மொழிகளுக்கானவை, தொடவேண்டாம். அண்மை அயல் முறையில் லெவன்ஷ்டைன் எடுங்கள்: ஒரு பெயரை மற்றதாக்க எத்தனை குறியை மாற்ற வேண்டுமோ அதுதான் தூரம். இயல்பில் ஆரம் (சேர்க்க அனுமதிக்கும் தூரம்) 1, தொகுதி எழுத்து (ஒப்பிடவே பொதுவாக இருக்கவேண்டிய தொடர் குறிகள்) 6 என்று இருக்கும். 'சிவகங்கை', 'சிவகெங்கை' இரண்டுக்கும் இடையே தூரம் 1தான். ஆனால் இரண்டிலும் பொதுவாகத் தொடர்ந்து வருவது நாலு குறிதான் என்பதால் தொகுதி 6இல் அவை ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது. 3 ஆக்குங்கள். 'தேவகோட்டை', 'தேவக்கோட்டை': நமக்கு ஓரெழுத்து, கணினிக்குக் ககரமும் புள்ளியும் சேர்த்து தூரம் 2. ஆரத்தை 2 ஆக்கினால்தான் சேரும்.

ஆக்கியவுடன் அடுத்த வம்பு வரும். 'கண்டனூர்', 'கண்ணனூர்' இரண்டுக்கும் தூரம் 1. முன்னது காரைக்குடிப் பக்கம், பின்னது திருமயம் பக்கம். வேறு வேறு ஊர்! கணினி சேர்த்துக் காட்டும்; மாணவர் கண்ணை மூடிக்கொண்டு "சேர்" என்று அழுத்துவார். இந்த ஒரு இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். ஒரே ஊர் தூரம் இரண்டில், வேறு ஊர் தூரம் ஒன்றில் என்பதைப் பார்த்தவர் அதற்கப்புறம் எந்தக் கருவியையும் அப்படியே நம்பமாட்டார்.

தீர்வு பெயரில் இல்லை, குறியீட்டு எண்ணில். கணக்கெடுப்புக்கு ஊர்க் குறியீடு உண்டு; ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவிலும் ஒவ்வொரு ஊருக்கும் எண் உண்டு. கோட்டையூர் விருதுநகர் மாவட்டத்திலும் இருக்கிறது. பெயரை வைத்து இரண்டு அட்டவணையை இணைத்தால் அந்த ஊரின் மக்கள் இங்கே வந்து குடியேறிவிடுவார்கள். நூலகத்தில் ஆசிரியர் பெயருக்கு ஒரே தலைப்பு வைத்து மற்றவற்றைப் பார்க்க-குறிப்பாகப் போடுகிறோமே, அதே வேலை.

பைட் பாண்டி

அண்ணே, ஆரம்-தொகுதி விஷயம் சூப்பர். ஒண்ணு சேர்த்துக்கறேன்: நிரல்ல குறி எண் வரிசையில அடுக்குனா தமிழ் அகரவரிசை வராது. ன, ந-வுக்குப் பின்னாடியே வந்துடும். ற, ர-வுக்குப் பின்னாடி. ள, ழ ரெண்டும் வ-வுக்கு முன்னாடி. க் வந்து கௌ-வுக்கும் பின்னாடி. பட்டியல் அச்சடிக்கிற நூலகத்துக்கு இது தெரியணும்.

அடுக்கெண்

மிக்க நன்றி. பிடிபட ஆரம்பித்துவிட்டது. நூலகத்திலேயே உள்ள தரவை, அதாவது புத்தக வழங்கல் பதிவை, பயிற்சிக்குக் கொடுக்கலாமா? கோஹா என்ற நூலக மென்பொருளிலிருந்து நேரடியாக எடுக்க முடியும்.

கொன்றை

கொடுக்கலாம், ஆனால் எடுத்தபடியே கொடுக்கக்கூடாது. யார் எந்தப் புத்தகம் படித்தார் என்பது வாசகருடைய விஷயம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்பும் அது நூலகத்தின் கடமைதான்.

பெயர், கைபேசி எண், பதிவெண் மூன்றையும் நீக்கினால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. துறை, ஆண்டு, பால் மூன்றும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும். முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டில் ஒரே ஒரு ஆண் மாணவர் இருந்தால் அவர் எடுத்த எல்லாப் புத்தகமும் வெட்டவெளிச்சம். மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, எந்தக் கூட்டில் 5க்கும் குறைவான ஆள் இருக்கிறார்களோ அதைப் பெரிய வகையோடு சேருங்கள் (முதுகலை முழுவதும் ஒரே வகை, அல்லது பாலை நீக்கிவிடுவது). வழங்கிய தேதியையும் மாதமாகச் சுருக்குங்கள்.

பதிவெண்ணை மறைகுறியாக மாற்றினால் போதுமே என்று கணினித் துறையில் சொல்வார்கள். ஒரு கல்லூரியின் பதிவெண்கள் அடுத்தடுத்து வரும் சில ஆயிரம் எண்கள். எல்லாவற்றையும் மறைகுறியாக்கி ஒப்பிட்டால் சில நொடியில் திறந்துவிடும். தற்செயல் எண் கொடுத்து, இணைப்புப் பட்டியலை அழித்துவிடுங்கள்.

அதை எப்படி வாசிப்பது என்பதுதான் ருசியான பகுதி. வழங்கல் எண்ணிக்கை வாசிப்பு எண்ணிக்கை அல்ல. புதுப்பித்ததும் ஒரு வழங்கலாகப் பதிவாகியிருக்கலாம். குறிப்புதவி நூல்கள் வெளியே போகாது, ஆகவே அவற்றுக்குச் சுழி. ஒருமுறைகூட வெளியே போகாத புத்தகம் வேண்டாத புத்தகமாக இருக்கலாம், அலமாரியில் இல்லாத புத்தகமாகவும் இருக்கலாம்.

வகைப்பாட்டு எண்ணை வைத்து ஒரு விளையாட்டும் உண்டு. டூயி முறையில் தமிழ்க் கவிதை 894.8111, பொருளியல் 330. எக்செல்லிடம் சராசரி கேட்டால் மறுக்காமல் 612.4 என்று தரும். 612 மனித உடலியல்! எண் போலத் தெரிகிறதெல்லாம் அளவு அல்ல என்பது இதற்கு மேல் விளக்கம் கேட்காது.

முந்திரிக்கணக்கு

பிரமாதம். இந்த 612ஐ எங்கள் வகுப்புக்கும் எடுத்துக்கொள்கிறேன்.

வளவு

தமிழ், வரலாறு மாணவர்கள் இருப்பதால் பழைய கணக்கு ஒன்றையும் சேர்க்கலாம். பேரேடு, ஐந்தொகை, கல்யாண முறைச்சிட்டை, மொய்க் கணக்கு எல்லாம் இந்தப் பக்கத்து வீடுகளில் பெட்டியில் கிடக்கின்றன. எடுத்தவுடன் அட்டவணையாக்க முடியாது. அதனால்தான் பயிற்சிக்கு நல்லது.

ஆண்டு முதல் சிக்கல். "விபவ" என்று மட்டும் இருந்தால் 1868, 1928, 1988 மூன்றில் எது? தாள், மை, பெயர்கள், விலைகள் வைத்து ஊகிக்கலாம். ஊகம் என்று தனிப் பத்தியில் எழுத வேண்டும். மூலத்தில் உள்ளது ஒரு பத்தி, மாற்றி எழுதியது அடுத்த பத்தி, எந்த ஆதாரத்தில் என்பது மூன்றாவது. மூலப் பத்தியை ஒருபோதும் திருத்தக்கூடாது.

பணம் அடுத்தது. 3 ரூபாய் 8 அணா 6 பை என்பதை 3.86 என்று தட்டுவார்கள். 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா, ஆகவே 3.53125. 1957 ஏப்ரலுக்கு முந்தைய எல்லாக் கணக்குக்கும் இது பொருந்தும். ஆனால் இலங்கைக் கணக்கில் அப்போதே சதம் உண்டு, மலேயாவில் வெள்ளியும் காசும். பெட்டி ஒன்றுதான், பணம் மூன்று. அலகு என்று ஒரு பத்தி இல்லாமல் கூட்டல் போடவிடாதீர்கள். பழைய தமிழ் எண்களில் ௱௨௰ என்றால் 120. இடமதிப்பு இல்லாத முறை. அதைக் குறிக்குக் குறி மாற்றி 100210 என்று படித்து வைப்பவரும் உண்டு.

வீட்டுக்காரர் அனுமதி எழுத்தில் வேண்டும். படியெடுத்ததில் உயிரோடு உள்ளவர் பெயர் இருந்தால் மறைக்க வேண்டும். மொய்க் கணக்கு யார் யாருக்கு எவ்வளவு கடமைப்பட்டவர் என்ற பட்டியல். ஊருக்குள் அது சாதாரண விஷயம் இல்லை.

இன்னொன்று. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரம் 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கிறது. அப்படி ஒரு சேகரத்தின் பட்டியலைப் பத்தாண்டு வாரியாக எண்ணிப் படம் போட்டால், கிடைப்பது அந்தப் பத்தாண்டில் வெளிவந்த புத்தகக் கணக்கு அல்ல. சேர்த்தவர் கைக்கு எட்டியதும், கரையானுக்குத் தப்பியதும். படத்தின் தலைப்பிலேயே அது தெரிய வேண்டும்.

அடுக்கெண்

இப்போதைக்கு நினைத்திருப்பது இது. முதல் அமர்வு கணினி இல்லாமல், ஏ3 தாளும் ஐந்து கேள்வியும். இரண்டாவது பகுதி எண்: எழுத்தறிவு, பாலின விகிதம், பர்மா. மூன்றாவது எழுத்துக்குறியீடும் எக்செல்லின் சேட்டைகளும். நான்காவது ஓபன்ரிஃபைன், கண்டனூர்-கண்ணனூர். ஐந்தாவது நூலக வழங்கல் தரவு, அல்லது தமிழ்-வரலாறு மாணவருக்குப் பழைய கணக்கு. ஆறாவது ஆவணப்படுத்தலும் மேற்கோளும். விளக்கப்படத்துக்குத் தனி அமர்வே இல்லை, அது சரியா? மதிப்பீடு இன்னும் தெளிவாகவில்லை.

முந்திரிக்கணக்கு

படத்துக்குத் தனி அமர்வு வேண்டாம், ஒவ்வொன்றிலும் ஒரு படம் வரட்டும். சொல்லவேண்டியது கொஞ்சம்தான்: பட்டைப்படத்தின் அச்சு சுழியில் தொடங்க வேண்டும், வட்டப்படத்தில் ஐந்து துண்டுக்கு மேல் வேண்டாம், வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும்போது எண்ணிக்கையைப் போடாமல் வீதத்தைப் போட வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் படம் வரைந்தாலும் மக்கள் அதிகமுள்ள ஊரே கருப்பாக நிற்கும்.

மதிப்பீட்டில் "பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா, 1 முதல் 5" என்ற படிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். எல்லாரும் 5 போடுவார்கள். முதல் நாள் ஒரு கெட்ட அட்டவணை கொடுங்கள்: ஆறு கோளாறு ஒளித்து வைத்தது. மொத்தம் கூட்டினால் சேராத ஒரு பத்தி, 100ஐத் தாண்டும் சதவீதம், இரண்டு எழுத்துக்கூட்டலில் ஒரே ஊர், சுழியா காலியா தெரியாத கட்டம், ஆண்டு இல்லாத தலைப்பு, அலகு மாறும் ஒரு வரிசை. 15 நிமிடத்தில் எத்தனை கண்டுபிடிக்கிறார்கள்? கடைசி நாள் வேறு அட்டவணை, அதே ஆறு வகைக் கோளாறு. அதே அட்டவணையை மறுபடி கொடுத்தால் நினைவாற்றலைத்தான் அளப்பீர்கள்.

அறிக்கை எழுதும்போது கவனம்: 40 பேரில் 50% இலிருந்து 60% ஆனது என்றால் நாலு பேர் கூடினார்கள் என்று பொருள். "10 சதவீதம் உயர்வு" என்று தரவு வகுப்பின் அறிக்கையிலேயே எழுதினால் மானம் போகும். அது 10 சதவீதப் புள்ளி.

பைட் பாண்டி

ஆய்வகக் கணினி விஷயம். ஓபன்ரிஃபைனோட விண்டோஸ் பொதியில ஜாவா சேர்ந்தே வர்றதும் ஒண்ணு இருக்கு, அதை எடுங்க. நிறுவ வேண்டியதில்ல, பொதியைப் பிரிச்சு அப்படியே ஓட்டலாம். உலாவியில 127.0.0.1, வாயில் எண் 3333ல திறக்கும். இணையம் தேவையில்ல. திறக்கலைன்னா முதல்ல கல்லூரியோட பிராக்ஸி அமைப்பைப் பாருங்க, உள்முகவரிக்கு விலக்கு கொடுத்திருக்கணும். கூடவே திறக்கிற கறுப்புச் சாளரத்தை மாணவர் மூடிட்டா எல்லாம் நின்னுடும், அதை முன்னாடியே சொல்லிடுங்க. 4 ஜிபி நினைவகக் கணினியில சில ஆயிரம் வரிசை தாராளமா ஓடும்.

மறுதொடக்கத்துல எல்லாம் அழியற மாதிரி உறைநிலை மென்பொருள் போட்ட ஆய்வகமா இருந்தா, ஒவ்வொரு அமர்வு முடிவுலயும் திட்டத்தை ஏற்றுமதி பண்ணி பென் டிரைவ்ல எடுக்கணும். 22 கணினி 40 பேருன்னா ரெண்டு ரெண்டு பேர். பாதி நேரத்துல விசைப்பலகை கைமாறணும்னு விதி வைங்க, இல்லைன்னா ஒருத்தரே கடைசி வரைக்கும் அடிப்பார். அப்புறம், மாணவர்கள் அட்டவணையை அப்படியே செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவியில ஒட்டி "சுருக்கு"ன்னு கேட்பாங்க. தடுக்க முடியாது. அதுக்கு என்ன செய்யறது?

தேவகோட்டை ரஸ்தா

தடுக்கவேண்டாம், ஆறாம் அமர்வில் அதையே பயிற்சியாக்குங்கள். கருவி சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே மூலத்தின் பக்க எண், அட்டவணை எண், வரிசை எழுத வேண்டும். எழுத முடியாத எண்ணை அடித்துவிட வேண்டும். பாதிக்கு மேல் அடிபட்டால் மீதியைப் பற்றித் தனியாகப் பேசவேண்டியதில்லை. ஒரு நிபந்தனை: வழங்கல் தரவும் வீட்டுக் கணக்கும் அந்தக் கருவிக்குள் போகக்கூடாது. கணக்கெடுப்பு அட்டவணை மட்டும்.

ஆவணப்படுத்தலுக்கு ஒரு பக்கம் போதும். கோப்பின் பெயர், யார் எப்போது உருவாக்கியது, மூலம், ஒவ்வொரு பத்தியின் பொருளும் அலகும், காலிக் கட்டம் எதைக் குறிக்கிறது, என்னென்ன மாற்றப்பட்டது, உரிமம். இதை வெறும் உரைக் கோப்பாகத் தரவோடு ஒரே உறையில் வைக்க வேண்டும். கோப்புப் பெயரில் தேதி ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் இருந்தால் தானாக அடுக்கிக்கொள்ளும். "இறுதி", "இறுதி_புதிது", "இறுதி_சார்_திருத்தியது" வேண்டாம். மேற்கோளில் உருவாக்கியவர், ஆண்டு, தலைப்பு, பதிப்பு, வெளியிட்டவர், நிலை அடையாள எண் (டிஓஐ போல) இருந்தால் அது, எடுத்த தேதி. அரசின் திறந்த தரவுத் தளத்திலிருந்து எடுத்தால் 2017இல் அறிவித்த அரசுத் திறந்த தரவு உரிமம் பொருந்தும். மூலத்தைச் சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம்.

"நூலகத்துக்கு என்ன வேலை" என்று மறுபடி கேட்டால், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன் என்று சொல்லுங்கள். நூலக வேலையைப் புள்ளியியலால் அளக்கலாம் என்று 1948இலேயே பேசியவர்.

கொன்றை

ரங்கநாதனை இழுக்காமல் நூலகர் கூட்டம் முடியாதே :) அதைவிடக் கண்டனூர்-கண்ணனூர் பயிற்சியைத் துறைத்தலைவர்கள் முன்னால் பத்து நிமிடம் செய்து காட்டுவது வேலைக்காகும்.

அடுக்கெண் சார், ஏ3 அச்சு பற்றி ஒன்று: கணக்கெடுப்புக் கையேட்டின் பக்கத்தைப் படம்பிடித்து அச்சடித்தால் அடிக்குறிப்பு படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். பாதி விடை அங்கேதான் இருக்கிறது. பக்கத்தை இரண்டாக வெட்டி, அடிக்குறிப்பை மட்டும் 12 புள்ளி அளவில் தனியாகத் தட்டச்சு செய்து கீழே ஒட்டுங்கள். பத்துக் குழுவுக்குப் பத்துப் பிரதி, கூடுதலாக இரண்டு.

அடுக்கெண்

சரி. கணக்கெடுப்புப் பக்கத்துக்குத் தமிழ்த் தலைப்பையும் ஆங்கிலத் தலைப்பையும் இரண்டையும் போடுகிறேன். ஓபன்ரிஃபைன் பயிற்சிக்கான ஊர்ப்பெயர்க் கோப்பு தயாரானதும் இங்கேயே போடுகிறேன். 300 வரிசை, ஒவ்வொன்றுக்கும் கணக்கெடுப்புக் குறியீடு மறைவுப் பத்தியில். யாராவது சரிபார்த்துச் சொன்னால் நல்லது.

வளவு

அனுப்புங்கள். பள்ளத்தூர், புதுவயல், நெற்குப்பை மூன்றுக்கும் வேறு மாவட்டத்தில் ஒத்த பெயர் இருக்கிறதா என்று அடைவில் பார்த்துவிட்டு, இருந்தால் அந்த வரிசைகளையும் சேர்த்துவிடுங்கள்.